அத்தியாயம் 7: சாவி சரி, பூட்டு மாறிவிட்டது

காரைக்குடியில் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகம். மாதத்தின் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி மாதக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். வாடிக்கையாளர்கள் அனுப்பிய பில்கள் எல்லாம் மெயிலில் வந்து கிடக்கின்றன. கணினியில் இருக்கும் மெயில் மென்பொருளோ நிமிடத்துக்கு ஒரு முறை சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து கடவுச்சொல் கேட்கிறது. போட்டால் ஏற்பதில்லை.

"தம்பி, எட்டு வருஷமா இதே பாஸ்வேர்ட்தான். காலையிலேர்ந்து பதினஞ்சு தடவை போட்டுட்டேன்" என்றார் பெரியவர். நான் போய்ச் சேர்வதற்குள் உதவியாளர் இரண்டு முறை கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். அதனால் கைபேசியிலும் மெயில் நின்றுபோயிருந்தது. கணக்கையே மென்பொருளிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதுதான் அவருடைய அடுத்த திட்டம். அதை உறுதிசெய்யக் கேட்கும் பெட்டி திரையில் நின்றது. 'ரிமூவ் மெசேஜ் டேட்டா' என்ற வரிக்கு முன்னால் டிக் போட்டாயிற்று. ஓகே பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"ஐயா, அதைத் தொடாதீங்க" என்றேன். அந்த அலுவலகம் மெயிலைப் 'பாப்' முறையில் இறக்கிக்கொண்டிருந்தது. இறங்கிய மெயில் சர்வரிலிருந்து அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். எட்டு ஆண்டுக் கடிதப் போக்குவரத்துக்கு இருந்த ஒரே பிரதி அந்தக் கணினியின் வட்டில் இருந்தது. அழுத்தியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். உண்மையான கோளாறைச் சரிசெய்ய இருபது நிமிடம்தான் ஆயிற்று.

அந்த இருபது நிமிட வேலையை நீங்களே செய்துகொள்ளக் கற்றுத்தருவது இந்த அத்தியாயம். அதைவிட முக்கியமாக, பதற்றத்தில் எதைச் செய்யக்கூடாது என்பதையும் சொல்கிறது.

என்ன மாறியது, ஏன் மாறியது

மெயிலை இறக்கும் 'பாப்' முறை 1984-இல் வந்தது. மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் 'ஐமேப்' முறையை 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார். இரண்டிலும் நுழைவது ஒரே விதம்: பெயரைச் சொல், கடவுச்சொல்லைச் சொல், உள்ளே போ. இதற்கு 'பேசிக் அதன்டிகேஷன்' என்று பெயர்.

இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லை மெயில் மென்பொருள், கைபேசிச் செயலி, ஸ்கேனர் என்று ஒவ்வொன்றிடமும் கொடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் எது கசிந்தாலும் மொத்தக் கணக்கும் கைமாறும். இரண்டாவது, இந்தக் கதவில் ஓடிபி கேட்க வழியே கிடையாது. இணையப் பக்கத்தில் நீங்கள் இரட்டைச் சரிபார்ப்பை வைத்திருந்தாலும், கடவுச்சொல் தெரிந்த திருடன் ஐமேப் வழியாக நேரே உள்ளே வந்துவிடலாம். பலரும் வைத்திருக்கக்கூடிய ஒரு கடவுச்சொல்லை ஆயிரக்கணக்கான முகவரிகளில் போட்டுப் பார்க்கும் தாக்குதல்களில் 99 சதவீதத்துக்கும் மேல் இந்தப் பழைய வழிகளையே பயன்படுத்துகின்றன என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருக்கிறது.

அதனால் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பழைய கதவை மூடின. ஐகிளவுட் மெயிலைப் பிற நிறுவன மென்பொருளில் எடுக்க, அந்த மென்பொருளுக்கென்றே தனியாக உருவாக்கும் 'ஆப் பாஸ்வேர்டை' ஆப்பிள் 2017 ஜூனிலிருந்து கட்டாயமாக்கியது. கூகுள், தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு, கடவுச்சொல் மட்டும் கொண்டு நுழையவிட்ட 'லெஸ் செக்யூர் ஆப்ஸ்' என்ற வசதியை 2022 மே 30 முதல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட், நிறுவனங்களுக்கான மெயிலில் 2022 அக்டோபர் 1 முதல் படிப்படியாகவும், தனிநபர் அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதலும் பழைய முறையை விலக்கியது.

பழையதற்குப் பதிலாக வந்தது 'ஓ-ஆத்'. இதன் இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் பொது நெறிமுறையாக வெளியானது. நடைமுறையில் இதை டோக்கன் முறை எனலாம். ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்புக்கு டோக்கன் தருகிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த டோக்கனை வைத்துக் குறித்த கடையில், குறித்த நாளில், குறித்த பொருளை வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் குடும்ப அட்டையில் பெயர் நீக்க முடியாது. ஓ-ஆத்திலும் அப்படித்தான். கடவுச்சொல்லைக் கூகுளின் பக்கத்தில் நீங்களே போடுகிறீர்கள். ஓடிபியும் அங்கேயே கேட்கப்படுகிறது. மெயில் மென்பொருளுக்குக் கிடைப்பது ஒரு டோக்கன் மட்டுமே. கூகுள் தரும் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். மென்பொருள் அதைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்த ஒரு டோக்கனை மட்டும் ரத்து செய்யலாம்.

ஆகவே இந்த மாற்றம் நம்மைத் தொல்லைப்படுத்த வந்ததல்ல. முன்னறிவிப்பு மெயிலைப் படிக்காமல் விட்டவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுதில் திடீரென்று வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

முதல் விதி: எதையும் நீக்காதீர்கள்

மெயில் நின்றுவிட்டால் முதலில் மூன்று காரியங்களைச் செய்யாமல் இருங்கள். கணக்கை மென்பொருளிலிருந்து நீக்காதீர்கள். கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படலாம்.

பிறகு பிரதி எடுங்கள். தண்டர்பேர்ட் என்றால், 'ஹெல்ப்' மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால் 'புரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரி இருக்கும். பக்கத்தில் உள்ள 'ஓப்பன் ஃபோல்டர்' பட்டனை அழுத்துங்கள். திறக்கும் கோப்புறைதான் உங்கள் மெயில் பெட்டகம். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை முழுதாக ஒரு வெளி வட்டில் நகலெடுங்கள். அவுட்லுக்கில் பாப் முறை என்றால் 'பிஎஸ்டி' என்று முடியும் கோப்பைத் தேடி, அவுட்லுக்கை மூடியபின் நகலெடுங்கள். மெயில் அதிகம் இருந்தால் இதற்குக் கால் மணி, அரை மணி ஆகலாம். ஆகட்டும். இந்த நகல் கையில் இருந்தால் மற்ற எந்தத் தவறையும் திருத்திவிடலாம்.

திரை சொல்வதைப் படியுங்கள்

அடுத்து, உலாவியைத் திறந்து, அதே முகவரி, அதே கடவுச்சொல் கொண்டு இணையத்தில் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் உங்கள் கடவுச்சொல் சரி. கோளாறு மென்பொருள் நுழையும் வழியில் இருக்கிறது. இணையத்திலும் நுழைய முடியவில்லை என்றால் அது வேறு வகைச் சிக்கல். கணக்கு மீட்பு வழியில் போக வேண்டும்.

பிழைச் செய்தியை அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது கைபேசியில் படம் எடுங்கள். அதில் உள்ள எண்கள் வழிகாட்டும்.

535 என்று தொடங்கினால்: பெயரையும் கடவுச்சொல்லையும் சர்வர் ஏற்கவில்லை. அதே வரியில் 'பேசிக் அதன்டிகேஷன் இஸ் டிசேபிள்ட்' என்றும் இருந்தால் பழைய கதவு மூடப்பட்டுவிட்டது என்று பொருள். இனி எத்தனை முறை போட்டாலும் திறக்காது.

534 என்றும் 'அப்ளிகேஷன் ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்ட் ரிக்வயர்ட்' என்றும் வந்தால்: கூகுள் உங்களிடம் ஆப் பாஸ்வேர்ட் கேட்கிறது. நீங்கள் முதன்மைக் கடவுச்சொல்லைப் போட்டிருக்கிறீர்கள்.

'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்றால்: கடவுச்சொல் வரை பேச்சே போகவில்லை. இணைய இணைப்பு, ஆன்டிவைரஸ், தவறான போர்ட் எண் இவற்றில் ஒன்று. ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995, அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்பவை இன்று வழக்கிலுள்ள போர்ட்டுகள்.

'டிஎல்எஸ்' அல்லது 'எஸ்எஸ்எல்' என்ற சொல் வந்தால்: மென்பொருள் மிகப் பழையதாக இருக்கலாம். இணைப்பைப் பாதுகாக்கும் முறையான டிஎல்எஸ்ஸின் 1.0, 1.1 பதிப்புகள் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. குறைந்தது 1.2 பேசத் தெரிந்த மென்பொருள் வேண்டும்.

மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்று பலர் சொல்வார்கள். பெறும் சர்வரில் அமைப்பை மாற்றிவிட்டு அனுப்பும் சர்வரை மறந்திருப்பார்கள். இரண்டும் தனித்தனிப் பூட்டுகள்.

உங்கள் மெயிலுக்கு எந்த வழி

ஜிமெயிலுக்கு இரண்டு வழிகள் உண்டு. மென்பொருளுக்கு ஓ-ஆத் தெரிந்தால் அதுவே நல்லது. தெரியாவிட்டால் ஆப் பாஸ்வேர்ட்.

தனிநபர் அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளுக்கு ஓ-ஆத் ஒன்றே வழி. இங்கே ஆப் பாஸ்வேர்ட் உதவாது. அதை எடுத்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடாதீர்கள். அதோடு, இணையப் பக்கத்தின் அமைப்புகளில் பாப், ஐமேப் அனுமதியை நீங்களே திறந்துவிட வேண்டும். அது இயல்பாக மூடியே இருக்கும்.

ஐகிளவுடுக்கு ஆப் பாஸ்வேர்டைப் போட்டு ஐமேப்பில் எடுக்கலாம். அங்கே பாப் கிடையாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மெயிலில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால், மென்பொருளுக்குத் தனி ஆப் பாஸ்வேர்டை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

சொந்த டொமைன் வாங்கி, ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மெயில் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரணக் கடவுச்சொல்லே இன்னும் செல்லும். அவர்கள் போர்ட் எண்ணும் பாதுகாப்பு முறையும் சரியாக உள்ளனவா என்று பார்த்தால் போதும்.

தண்டர்பேர்டில் ஓ-ஆத்: படிப்படியாக

ஜிமெயில் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

1. தண்டர்பேர்டைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். இது இலவசம்.

2. 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து, உங்கள் முகவரியின் கீழ் 'சர்வர் செட்டிங்ஸ்' போங்கள். 'கனெக்ஷன் செக்யூரிட்டி' என்ற இடத்தில் 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்' இருக்கட்டும். அதன் கீழே 'அதன்டிகேஷன் மெதட்' என்ற இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்ட்' என்றிருக்கும். அதை 'ஓ-ஆத் 2' என்று மாற்றுங்கள். கோளாறின் பாதி இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

3. இடப்பக்கப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' இருக்கும். ஜிமெயிலுக்கான வரியைத் தேர்ந்து 'எடிட்' அழுத்தி, அங்கும் அதே மாற்றத்தைச் செய்யுங்கள். மறுபாதி இங்கே.

4. 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' என்று போய், இந்தக் கணக்கின் பழைய பதிவுகளை அழியுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் பழைய சாவியையே மீண்டும் எடுத்து நீட்டலாம். இங்கே அழிவது சேமித்த கடவுச்சொல் மட்டுமே. மெயிலுக்கு ஒன்றும் ஆகாது.

5. அதே பக்கத்தில் குக்கீகளை ஏற்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் கூகுளின் நுழைவுப் பக்கம் முழுதாகத் திறக்காது. காரைக்குடியில் எனக்குப் பத்து நிமிடத்தைத் தின்றது இந்தச் சிறிய டிக் குறிதான்.

6. தண்டர்பேர்டை மூடித் திறந்து, மெயிலை இறக்கச் சொல்லுங்கள். கூகுளின் பக்கம் ஒன்று தனிச் சாளரத்தில் வரும். மேலே 'அக்கவுண்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம்' என்ற முகவரி இருப்பதை எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டு, கடவுச்சொல்லையும் ஓடிபியையும் போடுங்கள். தண்டர்பேர்டுக்கு அனுமதி தரலாமா என்று கேட்கும். 'அலவ்' கொடுங்கள்.

மெயில் இறங்கத் தொடங்கும். இனி இந்தச் சாளரம் அடிக்கடி வராது. ஆனால் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை நீங்கள் மாற்றினால் டோக்கன் ரத்தாகி, மறுபடி ஒரு முறை கேட்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குக்கும் படிகள் ஏறக்குறைய இவையே. கூகுளின் பக்கத்துக்குப் பதிலாக மைக்ரோசாஃப்டின் பக்கம் திறக்கும்.

ஆப் பாஸ்வேர்ட்: யாருக்கு, எப்படி

அவுட்லுக் 2010 போன்ற பழைய மென்பொருளுக்கு ஓ-ஆத் தெரியாது. அலுவலக ஜெராக்ஸ் இயந்திரம் ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும்போதும், கணக்கு மென்பொருள் பில்லை மெயிலில் அனுப்பும்போதும் பலவற்றில் இதே நிலைதான். இவற்றுக்குக் கூகுள் 16 எழுத்துகள் கொண்ட ஆப் பாஸ்வேர்டைத் தருகிறது.

அதற்கு முதலில் கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். இயக்காதவரை ஆப் பாஸ்வேர்டை உருவாக்க முடியாது. இயக்கியபின், கணக்குப் பக்கத்தின் தேடல் பெட்டியில் 'ஆப் பாஸ்வேர்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தப் பக்கம் வரும். எந்தக் கருவிக்கோ அதன் பெயரைக் கொடுத்து உருவாக்குங்கள்: 'ஆபீஸ் ஸ்கேனர்', 'மாடி கணினி' என்பதுபோல. 16 எழுத்துகளும் ஒரே முறைதான் காட்டப்படும். அந்தப் பெட்டியை மூடுவதற்கு முன்பே கருவியில் போட்டுவிடுங்கள். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும் இடைவெளிகளைத் தட்ட வேண்டியதில்லை.

ஒரு கருவிக்கு ஒரு பாஸ்வேர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரை விற்கும் நாளில் அதற்குரியதை மட்டும் ரத்து செய்யலாம், மற்றவை பாதிக்கப்படா. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். ஆப் பாஸ்வேர்டுக்கு ஓடிபி காவல் இல்லை. யார் கையில் கிடைத்தாலும் உங்கள் மெயிலைப் படிக்க முடியும். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாற்றிய மறுநாள் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

லினக்ஸில் பழைய கருவிகளை விடமுடியாத தேர்ந்த பயனர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 'ஈமெயில் ஓ-ஆத் 2.0 பிராக்ஸி' என்ற திறமூல நிரல் உங்கள் கணினியிலேயே நடுவில் நின்று, பழைய மென்பொருளிடம் பழைய மொழியிலும் சர்வரிடம் ஓ-ஆத்திலும் பேசும். மற்றவர்கள் மென்பொருளைப் புதுப்பிப்பதே சுலபம்.

அடுத்த முறை பூட்டு மாறும் முன்பே

விதிகள் இன்னும் மாறும். அப்போது திணறாமல் இருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்து வையுங்கள்.

கணக்கில் பதிந்துள்ள கைபேசி எண் இன்றும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். நான் பார்த்த கணக்கு இழப்புகளில் மனத்தை மிகவும் வருத்தியவை இவைதான்: கடவுச்சொல் நன்றாகத் தெரியும், ஆனால் உள்ளே போக முடியாது.

கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளை அச்சிடுங்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம்; ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அந்தத் தாளைப் பத்திரங்களும் எல்ஐசி பாலிசியும் இருக்கும் பையில் வையுங்கள். கைபேசி தொலைந்த அன்று அதன் மதிப்பு தெரியும்.

பாப் முறையில் இறக்குபவர்கள், சர்வரிலும் ஒரு பிரதி இருக்கும்படி 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' என்பதை இயக்குங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வெளி வட்டில் நகலெடுங்கள். கூகுளின் 'டேக்அவுட்' வசதியில் மொத்த ஜிமெயிலையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். அடையாளம் தெரியாததை நீக்குங்கள். இரண்டு ஆண்டுகள் திறக்காத தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கக்கூடும்; பழைய கணக்கில் தேவையானவை இருந்தால் அவ்வப்போது நுழைந்து வாருங்கள்.

போலி அறிவிப்புகள்

பூட்டு மாறும் காலம் திருடனுக்கும் நல்ல காலம். "உங்கள் மெயில் நுழைவு முறை மாறுகிறது, 24 மணி நேரத்துக்குள் இங்கே அழுத்துங்கள்" என்று மெயில் வரும். உண்மையான அறிவிப்புகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பிரித்தறிய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்த அறிவிப்பானாலும் அதில் உள்ள இணைப்பை அழுத்தாமல், உலாவியில் நீங்களே முகவரியைத் தட்டி, கணக்குப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். மாற்றம் உண்மை என்றால் அங்கே தெரியும். மெயில் நிறுவனத்திலிருந்து பேசுகிறேன் என்று யாராவது அழைத்து ஓடிபி கேட்டால், சொல்லாதீர்கள், அழைப்பைத் துண்டியுங்கள்.

வீட்டில் வயதான பெற்றோர் மெயில் பயன்படுத்தினால், இந்த அத்தியாயத்தை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை செய்து காட்டுங்கள். ஓய்வூதிய ஆவணம், பேரப்பிள்ளையின் படம், மருத்துவ அறிக்கை எல்லாம் இன்று அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. முதலில் நகல், பிறகு பிழைச் செய்தி, கடைசியில் அமைப்பு. இந்த வரிசையை மாற்றாதவரின் மெயில் ஒருநாளும் தொலையாது.